பன்னிரண்டு வருஷச் சுவர்

கீழத்தெருவின் டிராகன் படகுக்கு மாக் குவாய்சாங் பன்னிரண்டு வருஷமாக வால் துடுப்புப் பிடிக்கிறான். பன்னிரண்டு வருஷமாக வாய்க்கால் சுவரில் மோதுகிறான். நடுவில் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

அந்த வாய்க்காலில் மோதாமல் போவது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். டிராகன் தலை வைத்த படகு இருபத்தைந்து மீட்டர் நீளம், நாற்பது பேர் துடுப்புப் போடுவார்கள், வாலில் நிற்கிறவன் நீளத் துடுப்பால் அதைத் திருப்புவான். வாய்க்கால் ஆறேழு மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் கருங்கல் சுவர். அதிலே முதலில் இடப்பக்கம் ஒரு வளைவு, மூச்சு விடுவதற்குள் வலப்பக்கம் இன்னொரு வளைவு. ஐந்தாம் மாதத் திருவிழாவில் பதினோரு தெருப் படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் பாயும். யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார்களோ அவர்களுக்குச் சிவப்புக் கொடியும் ஒரு முழுப் பன்றி வறுவலும். பன்றி அன்றைக்கே தீர்ந்துவிடும். கொடி மட்டும் அடுத்த திருவிழா வரை அந்தத் தெருவின் முன்னோர் மண்டபத்தில் தொங்கும். கீழத்தெரு மண்டபத்தில் கொடி தொங்கி முப்பத்தொரு வருஷம் ஆகிறது.

அப்படியானால் இவனை ஏன் மாற்றவில்லை என்று கேட்கலாம். தெருவே அதைத்தான் கேட்டது. ஆனால் வால் துடுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதை அங்கே மனிதர்கள் முடிவு செய்வதில்லை. வடக்குச் சாமி கோயிலில், விருப்பப்பட்டவர்களின் பேரைச் சொல்லி, பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் வீசுவார்கள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் சாமி சம்மதித்ததாக அர்த்தம். மூன்று தடவை தொடர்ந்து அப்படி விழ வேண்டும். பன்னிரண்டு வருஷமும் குவாய்சாங் பேருக்குத்தான் அப்படி விழுந்தது. அந்தச் சாமிக்கு இவன்மேல் என்ன பாசமோ.

இந்த வருஷம் சுன்கித்தும் பேர் கொடுத்தான். இருபத்தாறு வயது, உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுக்கிறவன், தோள் ஒவ்வொன்றும் கோயில் தூண் மாதிரி. தெருவே அவன் பக்கம் இருந்தது. துண்டுகளை வீசினார்கள். சுன்கித்துக்கு மூன்று தடவையும் மறுப்பு. குவாய்சாங்குக்கு மூன்று தடவையும் சம்மதம்.

"சாமிக்கும் கண்ணாஸ்பத்திரி பார்க்கணும் போல" என்று முரசடிக்கும் பூன் முணுமுணுத்தான். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

தெருவின் தலைவர் மாக் தோங் சிரிக்கவில்லை. எழுபத்தாறு வயது. அந்தக் கொடியைத் தெருவுக்கு வாங்கிக் கொடுத்த பழைய அணியில் உயிரோடு மிச்சம் இருப்பவர் அவர் ஒருத்தர்தான். மூன்று ஊதுபத்திகளைக் கொளுத்தித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

"டேய் குவாய்சாங், சாமி சொல்லிடுச்சு. அதை நான் மீற மாட்டேன். ஆனா நானும் ஒண்ணு சொல்றேன், சாமியும் கேட்டுக்கட்டும். இந்த வருஷம் படகு சுவத்துல பட்டுச்சுன்னா, ஒரு நகக்கண்ணு அளவுக்குப் பட்டாலும் சரி, இனிமே உன் பேரை இந்த வாசப்படி ஏத்த மாட்டேன். நான் உயிரோட இருக்கற வரைக்கும்."

"சரி பெரியப்பா" என்றான் குவாய்சாங். வேறு என்ன சொல்ல முடியும். ஊதுபத்தியோடு சொன்ன வார்த்தை அது.

வருஷம் முழுக்க அவன் மீன்குளங்களில் பம்பு ரிப்பேர் பார்க்கிறவன். இடுப்பளவு சேற்றில் நிற்கிறவனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாய்க்காலைக் கடக்கும் அந்த ஒன்றே கால் நிமிஷம்தான் அவனுக்கு வருஷம். நாற்பது பேருடைய பலம் கையில் வந்து இறங்கும்போது, நான் ஒரு ஆள் என்று அவனுக்குத் தோன்றும். அந்தத் துடுப்பைப் பிடுங்கிவிட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

மோதல்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முதல் வருஷம் படகின் தலை நேராகச் சுவரில் இடித்து டிராகனின் கீழ்த்தாடை கழன்று விழுந்தது. மாக் தோங் அதைச் சிவப்புத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரண்டாம் வருஷம் இவனுடைய காறை எலும்பு முறிந்தது. அடுத்த வருஷம் படகு குறுக்கே சிக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையவில்லை. நான்காம் வருஷம் இவனே தண்ணீருக்குள் விழுந்துவிட்டான். திருப்ப ஆள் இல்லாத படகு அதே இடத்தில் போய் மோதியது. ஐந்தாம் வருஷம் எப்படி மோதினான் என்று அவனுக்கே சரியாக ஞாபகம் இல்லை.

ஆறாம் வருஷம்தான் அது நடந்தது. முதல் வளைவு முடியும் இடத்தில் படகின் வால் வழுக்கிக்கொண்டு போய் வலப்பக்கச் சுவரில் இடித்தது. எல்லோரும் அவனைத் திட்டினார்கள். அவன் காதில் எதுவும் விழவில்லை. வால் இடித்த அந்த நொடியில், யாரும் திருப்பாமல், படகின் தலை தானாக வலப்பக்கம் திரும்பியதை அவன் பார்த்துவிட்டான். இரண்டாவது வளைவு இருப்பதும் வலப்பக்கம்தான்.

ஏழாம் வருஷத்திலிருந்து அவன் மோதும்போது கண்ணை மூடவில்லை. எந்தக் கல், எவ்வளவு வேகம், வாலில் எந்த இடம் என்று பார்த்துக்கொண்டே மோதினான். மூடிப்போன பழைய படித்துறையிலிருந்து மூன்றாவது கல் வெளியே பிதுங்கி இருக்கும். அதற்கு முன்னால் பட்டால் படகு நின்றுவிடும். தாண்டிப் பட்டால் தலை எதிர்ச் சுவருக்குள் போய்விடும். வாலின் கடைசி ஒரு முழம் அந்தக் கல்லில் பட்டால், சுவர் படகை உதைத்து அனுப்பிவிடும். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சுவரில் மோதுகிறவன், சுவரில் மோதுவதுதான் வழி என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

போட்டியன்று காலையில் மனைவி லாய்யிங் ஆவியில் வேகவைத்த மீனும் சோறும் வைத்தாள். மேல் பக்கச் சதை தீர்ந்ததும் முள்ளை முழுசாகத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கீழ்ப் பக்கத்தைச் சாப்பிட்டான். திருவிழா மாதத்தில் அந்த ஊரில் யாரும் தட்டில் மீனைப் புரட்ட மாட்டார்கள். மீன் புரண்டால் படகும் புரளும்.

"சந்தையில நேத்து என்ன கேட்டாங்க தெரியுமா?" என்றாள் லாய்யிங். "உன் வீட்டுக்காரர் இந்த வருஷம் எந்தக் கல்லுன்னு கேக்கறாங்க. முன்னாடியே சொன்னா அங்க போய் இடம் பிடிப்பாங்களாம்."

"மூணாவது கல்லு."

அவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "விளையாடாதீங்க. பெரியப்பா சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. மோதாம மெதுவா வளைச்சா மூணாவதோ நாலாவதோ வருவோம். துடுப்பும் கையில இருக்கும். மோதினா ஜெயிக்கலாம். ஆனா துடுப்பு போயிடும்."

"மெதுவாவே போங்க." அவள் குரல் இறங்கியது. "அந்தத் துடுப்பு இல்லாம வீட்ல உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? முதல் வருஷம் எலும்பு முறிஞ்சு கிடந்தப்பவே பார்த்தேனே."

"அது ரெண்டாவது வருஷம்."

"எல்லாத்தையும் கணக்கு வச்சிருக்கீங்க" என்று அவள் கோபமாக எழுந்து போனாள். போகிற போக்கில் அவன் சட்டைப் பையில் ஆபத்து அண்டாமல் இருக்க ஒரு எலுமிச்சையளவு மூலிகைப் பொட்டலத்தைத் திணித்துவிட்டுத்தான் போனாள்.

பத்து மணிக்கெல்லாம் கரையில் ஊசி விழ இடமில்லை. மொட்டை மாடி, ஜன்னல், ஆலமரக் கிளை, எல்லா இடத்திலும் தலைகள். பட்டாசுப் புகையில் வாய்க்கால் கண்ணுக்கே தெரியவில்லை. கீழத்தெருப் படகு கடைசியாக ஓட வேண்டியது. புறப்படும் இடத்தில், பாலத்துக்கு அடியில், நாற்பது பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு படகின் நேரத்தையும் பூன் போனில் பார்த்துச் சொன்னான்.

"மேலத்தெரு. ஒரு நிமிஷம் பத்தொம்பது. சுவத்துல படவே இல்ல."

அதுவரை வந்ததில் அதுதான் குறைந்த நேரம். பயிற்சியில் இவர்கள் மோதாமல் ஓடிய நல்ல நேரமே ஒன்று இருபத்துநாலு. மற்றத் தெருக்காரர்கள் புதிதாக லேசான படகு செய்துகொண்டார்கள். கீழத்தெருவினுடையது இரும்பு மாதிரி கனக்கும் பழைய மரம். வெடித்துவிடக் கூடாதென்று வருஷம் முழுக்கக் குளத்துச் சேற்றுக்குள் புதைத்து வைத்து, திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால்தான் தோண்டி எடுப்பார்கள். அந்தக் கனத்தை வளைவில் அடக்க வேகத்தைக் குறைக்காமல் முடியாது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சுன்கித் துடுப்பால் தண்ணீரைத் தட்டினான். "அவ்வளவுதான். இந்த வருஷமும் பன்னி வாசனை மட்டும்தான் நமக்கு."

  பன்னிரண்டு வருஷம் குவாய்சாங்குக்குள் அடைந்து கிடந்த ஒன்று வெளியே வரத் துடித்தது.

"எல்லாரும் கேளுங்க" என்றான். "நாம மோதப் போறோம்."

நாற்பது தலைகள் திரும்பின.

"சித்தப்பா" என்றான் சுன்கித், "இத்தனை வருஷம் சொல்லாம மோதினீங்க. இன்னிக்குச் சொல்லிட்டு மோதறீங்களா?"

படகே குலுங்கிச் சிரித்தது. குவாய்சாங்கும் சிரித்தான். பிறகு சொன்னான். முதல் வளைவில் யாரும் வேகத்தைக் குறைக்கக் கூடாது. வால் தானாக வலப்பக்கம் வழுக்கும். முரசில் பூன் இரட்டை அடி கொடுத்ததும் வலப்பக்கத்துக் கடைசி ஆறு பேர் துடுப்பைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் துடுப்பு முறியும். படித்துறையிலிருந்து மூன்றாவது கல். வாலில் ஒரு முழம். இன்றைக்குத் தண்ணீர் நேற்றைவிட நாலு விரல் உயரம், அதனால் கல்லின் பாசி பிடித்த பாகத்தில் படும், வழுக்கும், ஆகவே அரை நொடி முன்னதாகவே அவன் திருப்ப ஆரம்பிப்பான். பட்டதும் தலை வலப்பக்கம் பாயும். அப்போது எல்லோரும் உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டும்.

சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

"இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று பூன் கேட்டான்.

"பன்னெண்டு தடவை மோதியிருக்கேனே."

சுன்கித் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "பட்டுச்சுன்னா உங்க துடுப்பு போயிடும். ஜெயிச்சாலும் போயிடும். தாத்தா ஊதுபத்தி பிடிச்சுச் சொல்லியிருக்காரு."

"போகட்டும்."

"ஏன் சித்தப்பா?"

"மெதுவா வளைச்சு இதைக் காப்பாத்திக்கலாம்டா. அடுத்த வருஷமும் மெதுவா வளைக்கலாம். ஆனா எனக்குத் தெரியும்கறது எனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் செய்யாம இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, எனக்கே வெக்கமா இருக்கும்."

சுன்கித் முன்பக்கம் திரும்பித் துடுப்பை இறுக்கிப் பிடித்தான். பிறகு, தலையைத் திருப்பாமலேயே, "வலப்பக்கம் கடைசி ஆறு பேர், காதைத் தீட்டி வச்சுக்குங்க" என்று அதட்டினான்.

பச்சைக் கொடி இறங்கியது.

பூன் முரசை அடித்த அடியில் பாலம் அதிர்ந்தது. நாற்பது துடுப்புகள் ஒரே சமயத்தில் தண்ணீரில் இறங்கின. அந்தக் கனத்த படகு முதலில் முனகியது, பிறகு எழுந்தது, பிறகு ஓடியது. கரை மங்கலாகப் பின்னால் போயிற்று. வெடிகளும் கூச்சலும் முரசும் சேர்ந்து ஒரே இரைச்சல். குவாய்சாங் எழுந்து நின்று துடுப்பின் மேல் சாய்ந்திருந்தான். முகத்தில் தண்ணீர் அறைந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை.

முதல் வளைவு வந்தது. வழக்கமாக எல்லாப் படகும் இங்கே வேகத்தை அடக்கும். இவர்கள் அடக்கவில்லை. "குறைங்கடா, குறைங்க" என்று கரையிலிருந்து யாரோ கத்தினார்கள். வளைவின் மேல் மாக் தோங் கைத்தடியோடு நிற்பது ஒரு கணம் தெரிந்தது. அவன் துடுப்பை நெஞ்சோடு அணைத்து இழுத்தான். தலை இடப்பக்கம் திரும்பியது. வால் வழுக்கியது. வழுக்கிக்கொண்டே போனது. படித்துறை. முதல் கல். இப்போது கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போதும், வால் சுவரில் படாமல் நின்றுவிடும். துடுப்பு அவனுடையதாகவே இருக்கும். அவன் கைக்கு அது தெரியும்.

அவன் அழுத்தவில்லை.

பூன் இரட்டை அடி அடித்தான். ஆறு துடுப்புகள் மேலே எழுந்தன. இரண்டாவது கல். மூன்றாவது கல்.

மோதிய சத்தம் மொட்டை மாடி வரை கேட்டது. கரை முழுக்க "ஐயோ" என்ற ஒரே ஓலம். அதில் சிரிப்பும் இருந்தது, பதிமூன்றாவது வருஷம் அல்லவா. ஆனால் அந்தச் சிரிப்பு முடிவதற்குள் டிராகனின் தலை வலப்பக்கம் பாய்ந்துவிட்டது. வளைக்கவில்லை, யாரும் திருப்பவில்லை, சுவரே பிடித்துத் தள்ளியது. இரண்டாவது வளைவுக்குள் படகு நேராக நுழைந்தது. "இழுங்கடா" என்று சுன்கித் தொண்டை கிழியக் கத்தினான். இழுத்தார்கள். மற்றப் படகுகள் தட்டுத்தடுமாறித் திரும்பும் இடத்தில் இவர்கள் முழு வேகத்தில் போனார்கள்.  கரையில் ஊரே ஆர்ப்பரித்தது.

ஒரு நிமிஷம் பதினாறு வினாடி.

கரையேறும் படியில் ஆட்கள் தண்ணீருக்குள் குதித்தார்கள். பூன் முரசைக் கட்டிக்கொண்டு அழுதான். லாய்யிங் எங்கிருந்தோ கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்து, "நிஜமாவே மூணாவது கல்லு, சொன்ன மாதிரியே மூணாவது கல்லு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சிவப்புக் கொடி தலைக்கு மேலே தலைக்கு மேலே கைமாறி வந்தது. அதைத் தொட்டுப் பார்த்த மாக் தோங்கின் கண்கள் கலங்கியிருந்தன.

குவாய்சாங் படகிலிருந்து இறங்கி நேராக அவரிடம் போனான். வால் துடுப்பை இரண்டு கையாலும் நீட்டினான். கூட்டம் மெல்ல மெல்ல அடங்கியது.

"பட்டுச்சு பெரியப்பா. நானேதான் பட வச்சேன்."

கிழவர் துடுப்பை வாங்கிக்கொண்டார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வாங்காமல் இருக்க முடியாது, சாமி முன்னால் சொன்ன சொல். அவரைவிட உயரமான அந்தத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார். குவாய்சாங்கின் கைகள் வெறுமையாகத் தொங்கின. ஜெயித்த சந்தோஷத்துக்கு நடுவில் நெஞ்சுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது போல இருந்தது அவனுக்கு. இவ்வளவு வலிக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"சொன்னா சொன்னதுதான்" என்றார் மாக் தோங்.  "இனிமே இதுக்கு யார் பேர் கொடுக்கறீங்க?"

 ஈரம் சொட்டச் சொட்டச் சுன்கித் முன்னால் வந்தான். லாய்யிங் அவனை முறைத்தாள்.

"நான் கொடுக்கறேன் தாத்தா" என்றான். "ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கறேன்."

"என்ன?"

"எனக்கும் பன்னெண்டு வருஷம் மோதறதுக்கு விடுவீங்களா? தாடையை உடைப்பேன், குறுக்கே சிக்குவேன், தண்ணியில விழுவேன். பொறுத்துக்குவீங்களா? அதுக்கப்புறம்தான் சித்தப்பாவுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியும்."

மாக் தோங் அவனைப் பார்த்தார். வளைவில் ஈரம் காயாமல் பளபளத்த சுவரைப் பார்த்தார். எழுபத்தாறோடு பன்னிரண்டைக் கூட்டினார் போல, உதடுகள் அசைந்தன.

"அவ்வளவு நாளு எனக்கு ஏதுடா" என்றார்.

துடுப்பைத் தூக்கிக் குவாய்சாங்கின் நெஞ்சில் சாய்த்துவிட்டு, சாமியிடம் மன்னிப்புக் கேட்கக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கோயிலைப் பார்த்து வேகமாக நடந்தார்.